என் காலடியில் ஓடிய என்ஜின்

மோட்டார் வண்டி என்றால் என்ஜின் முன்னால்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த திருப்பூரில், பின்னால் என்ஜின் வைத்த வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார் என் வீட்டுக்காரர். ஆசைக்கு வாங்கவில்லை. எனக்காக வாங்கினார். இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் கோபம் என்றுதான் இத்தனை வருஷமாகியும் தெரியவில்லை.

அறுபதுகளின் நடுவில் எனக்கு முதுகெலும்பில் காசநோய் வந்தது. நெஞ்சில் வரும் என்று கேள்விப்பட்டிருந்தோம். முதுகிலும் வரும் என்பதைத் தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். அதோடு விடவில்லை. என் முதுகின் வளைவுக்கு ஏற்ப மாவுக்கட்டில் ஒரு தொட்டி மாதிரி வார்த்து, அதற்குள் என்னை மல்லாக்கக் கிடத்தினார்கள். உட்காரக் கூடாது. புரளக் கூடாது. உடம்பு குலுங்கவே கூடாது. எலும்பு கூடும்வரை இப்படித்தான் என்றார் டாக்டர். எத்தனை நாளாகும் என்று கேட்டதற்கு, எழுதிக்கொண்டிருந்த காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "பார்ப்போம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் கூரையைப் பார்த்துக் கிடந்தேன். என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனி வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்கட்டில்தான் மிஷின்கள் ஓடும். துணி எடையில் தவறு, தைக்க வந்தவர்கள் சண்டை, எல்லாவற்றையும் படுத்தபடியே காதால் கேட்டு, படுத்தபடியே கத்துவேன். வாய் மட்டும்தான் எனக்கு எழுந்து நடமாடிக்கொண்டிருந்தது.

சில மாதம் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருந்தார்கள். தாராபுரம் வழியாக ஒரு பகல் முழுக்கப் பயணம். முதல் தடவை பனியன் மூட்டை ஏற்றுகிற லாரியில் போனோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் போட்ட சத்தத்தில் லாரி டிரைவரே அழுதுவிட்டார். போய்ச் சேர்ந்தாலும் உடனே பார்த்துவிட மாட்டார்கள். கூட வந்தவர்கள் மரத்தடியில் அடுப்பு மூட்டிச் சோறாக்கி, அங்கேயே துண்டை விரித்துப் படுத்து, முறை வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். திரும்பி வந்த மறுவாரமே இவர் அந்த வண்டியைத் தேடிப் பிடித்துவிட்டார். ஏதோ மிஷன்காரர்கள் ஊர் ஊராகப் போய் மருந்து கொடுக்க வைத்திருந்த சீமை வண்டி. உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம். அடுப்பு வைக்க மேடை இருந்தது, தண்ணீர்த் தொட்டி இருந்தது, சன்னலுக்குத் திரை இருந்தது.

"அம்மிணி, இனிமே நம்ம ஊடே நம்மகூட வரும்," என்றார்.

"ஊடு வந்தாப் போதுங்களா? நான் எந்திரிச்சு வாசல் தெளிக்கோணுமே," என்றேன். நான் அப்படித்தான் பேசுவேன் என்று அவருக்குத் தெரியும்.

வண்டியை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் முன்மூடியைத் திறந்தார்கள். அங்கே ஒரு உபரி டயர் கிடந்தது. பிறகு ரேடியேட்டரைத் தேடினார்கள். அது கிடையவே கிடையாது. பின்னால் இருந்த என்ஜினுக்கு ஒரு விசிறிதான். காற்றை இழுத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். தண்ணி குடிக்காத வண்டி என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

உள்ளே எனக்குக் கட்டில் போட சாமளாபுரத்திலிருந்து ஓர் ஆசாரி வந்தார். விசைத்தறிக்கு மரவேலை செய்து, தறியை அசையாமல் நிறுத்திக் கொடுப்பதுதான் அவர் தொழில். தறி ஓடுகிற வேகத்தில் இருந்த இடத்தை விட்டு நகரும். நகர்ந்தால் ஓட்டம் கெடும், நூல் அறும். அதனால் தரையோடு சேர்த்து போல்ட் போட்டு முறுக்கிவிடுவார்கள். அந்த ஆசாரிக்கு உலகத்தில் ஒரே ஒரு குற்றம்தான் தெரியும், ஆட்டம். டாக்டர் உடம்பு குலுங்கக் கூடாது என்றார் என்று என் வீட்டுக்காரர் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"தறியவே ஆடாம நிறுத்தறவனுங்க நானு. அம்மிணிக்கு இம்மியும் ஆடாதுங்க," என்றார்.

சொன்னபடியே செய்தார். வண்டியின் கடைசியில், என்ஜின் இருந்த இடத்துக்கு மேல், இரும்பு மூடி ஒன்று தரையோடு தரையாக இருந்தது. அதைத் தூக்கினால்தான் என்ஜினைப் பார்க்க முடியும். வெளியே பின்பக்கம் ஒரு சின்னக் கதவு இருந்தாலும் அதன் வழியாக எண்ணெய் ஊற்றலாமே தவிர முழுக் கை நுழையாது. ஆசாரி அந்த இரும்பு மூடியின் மேல் கட்டிலின் கால்மாட்டை நிறுத்தினார். கட்டில் சட்டம், மூடி, அடியில் இருந்த இரும்பு எல்லாவற்றையும் துளைத்து, நீள போல்ட்டுகளாக இறக்கி, என்ஜின் அறையின் பக்கத் தடுப்பைக் கழற்றி அந்த வழியாகக் கையை நுழைத்து நட்டை முறுக்கினார். அந்த வழியை அதற்கப்புறம்தான் கட்டில் சட்டத்தோடு சேர்த்துப் பலகை அடித்து மூடினார். தலைமாடு டிரைவர் பக்கம், கால்மாடு என்ஜின் மேல்.

"என்ஜினத் தொறக்கோணும்னா என்ன பண்றதுங்க ஆசாரி?" என்று இவர் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"நல்லா ஓடற என்ஜின எதுக்குங்க தொறக்கோணும்?" என்றார் ஆசாரி. இவரும் சரி என்று விட்டுவிட்டார். நானும் படுத்திருந்த இடத்திலிருந்து அதைக் கேட்டேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த வண்டியில் முதல் பயணம் நன்றாகத்தான் போனது. முதுகு குலுங்கவில்லை. என் முகத்துக்கு நேராக, லாரியில் டிரைவர் பக்கத்தில் மாட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு கண்ணாடியை இவர் கூரையில் பொருத்தியிருந்தார். அதைத் திருப்பித் திருப்பி வைத்துச் சாலை, பனைமரம், எருமை எல்லாவற்றையும் தலைகீழாகவாவது பார்த்துக்கொண்டு போனேன். கால்தான் பாடாய்ப் பட்டது. என்ஜின் ஓட ஓடக் குதிகாலில் கிடுகிடுவென்று அதிர்வு. போகப் போகச் சூடு வேறு.

"ஏனுங்க, என்னைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறீங்களா, சுட்டுக் கொண்டுபோறீங்களா? நான் மனுசியா, அப்பளமா?" என்று வழியெல்லாம் கத்தினேன்.

அந்தப் பயணத்தில்தான் டாக்டர் முதல் தடவையாக "பார்ப்போம்" என்பதைத் தாண்டி ஏதோ சொன்னார். அடுத்த தடவை படம் எடுப்போம், எலும்பு கூடியிருந்தால் உட்கார வைக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக நிற்கவும் வைக்கலாம் என்றார். அதற்குப் பிறகு அந்த மூன்று மாதமும் எனக்கு வேறு நினைப்பே இல்லை. நிற்கப் போகிறேன். அவ்வளவுதான். அடுக்களை வாசப்படியில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டு யாரையாவது திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதையெல்லாம் ஓர் ஆசை என்று எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேறு பெரிய ஆசை எதுவும் அப்போது என்னிடம் இல்லை.

இவருக்கோ என் கால் எரிச்சல்தான் மனத்தில் நின்றது. திருப்பூரில் எந்தக் குறைக்கும் ஒரே மருந்துதான், வேஸ்ட். பனியன் வெட்டும்போது விழுகிற துணித் துண்டும் நூல் பிசிறும்தான் வேஸ்ட். மிஷின் துடைக்க, ஓட்டை அடைக்க, தலையணைக்குத் திணிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். கட்டிலின் கால்மாட்டுப் பலகைக்கும் என்ஜின் மூடிக்கும் நடுவே விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. அதற்குள் மூட்டை மூட்டையாக வேஸ்ட்டைக் கொடுத்து, கம்பியால் குத்திக் குத்தி அடைத்தார். சூடும் வராது, அதிர்வும் வராது என்றார். அரை நாள் குனிந்தபடி அதே வேலையாக இருந்தார்.

கிளம்பும் நாள் வந்தது. என் செருப்பைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றி எடுத்துவைக்கச் சொன்னேன். ஒரு வருஷமாக யாரும் தொடாத செருப்பு. அவர் எடுத்து வைத்தார்.

பல்லடம் தாண்டியதும் அவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "கால் எப்படி இருக்குது அம்மிணி?"

கவனித்துப் பார்த்தேன். முதுகில் லேசான அதிர்வு இருந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. சூடு இல்லை, கிடுகிடுப்பு இல்லை, எதுவுமே இல்லை. சில வாரங்களாகவே கால் மரத்தமாதிரி இருந்தது உண்மை. படுத்தே கிடக்கிறவளுக்கு மரக்காமல் என்ன செய்யும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுமே தெரியலீங்க! உங்க வேஸ்ட் நல்லா வேலை செய்யுது," என்றேன்.

அவர் சத்தமாகச் சிரித்தார். எனக்கு நோய் வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அதற்கப்புறமும் கேட்டதில்லை.

குண்டடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் துணி கருகுகிற வாசம் வந்தது. யாரோ காட்டில் எதையோ எரிக்கிறார்கள் என்று நினைத்தோம். அப்புறம் முதுகுக்குக் கீழே ஒரு பெரிய உதறல். வண்டி நின்றுவிட்டது. எத்தனை முடுக்கியும் அசையவில்லை.

சாலையில் போனவர்கள் எல்லோரும் வந்தார்கள். எல்லோரும் முன்மூடியைத் திறந்து டயரைப் பார்த்தார்கள். ஒரு பஸ் கண்டக்டர் ரேடியேட்டருக்கு என்று ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, அதை ஒரு வேலிச்செடிக்கு ஊற்றிவிட்டுப் போனார். வேறொரு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அந்த பஸ்ஸிலேயே தாராபுரத்துக்குச் சொல்லியனுப்பி, ஒரு மெக்கானிக் பாய் வந்து சேரும்போது உச்சி வெயில். வண்டியின் தகரக் கூரை காய்ந்து, உள்ளே நான் வெந்துகொண்டிருந்தேன். நாளைக் காலையில் டாக்டர் பார்க்க வேண்டும். தவறினால் இன்னும் எத்தனை மாதமோ என்பதுதான் என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

பாய் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தார், சின்னக் கதவைத் திறந்து பார்த்தார், உள்ளே வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்து பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"நட்டு எல்லாம் மூடிக்கு உள்பக்கமா இருக்குது. மூடியத் தொறந்தாத்தான் நட்டக் கழட்ட முடியும். நட்டக் கழட்டுனாத்தான் மூடியத் தொறக்க முடியும். யாருங்க இப்படிப் பண்ணுனது?" என்றார்.

என் வீட்டுக்காரர் ஒரு போல்ட்டின் தலையை விரலால் திருகிப் பார்த்தார்.

"கட்டில அறுக்கோணும். தங்கச்சியத் தூக்கி எறக்கோணும். வேற வழியில்லீங்க," என்றார் பாய்.

"அவளத் தூக்கறது ஆகாதுங்க. டாக்டர் கண்டிப்பாச் சொல்லியிருக்கறாரு. கொஞ்சம் வளைஞ்சாலும் எலும்பு போயிருமுங்க," என்று இவர் பிடிவாதமாக நின்றார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "இப்படியே கெடந்தா இங்கியே பொணமாத்தானுங்க கெடப்பேன்! தூக்குங்க. நான் நிக்கோணும். நின்னே ஆகோணும்," என்று கத்தினேன்.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து மோர் கொண்டுவந்திருந்த ஓர் அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கயிற்றுக் கட்டில் கொண்டுவரட்டுமா என்று யாரோ கேட்டதற்கு, "அது தொய்யுமே, அவிங்க முதுகு என்னத்துக்காகும்?" என்று அதட்டினார். நேரே தன் வீட்டுக்குப் போய், வாசல் இரட்டைக் கதவில் ஒன்றை, அது சுழல்கிற குடுமியோடு தூக்கிக் கழற்றச் சொல்லி, நாலு ஆள் வைத்துத் தூக்கிவந்தார். வீட்டு வாசலைத் திறந்துபோட்டுவிட்டு முன்பின் தெரியாத ஒருத்திக்காகக் கதவைக் கழற்றிக் கொடுத்த மனுஷி. மாவுக்கட்டோடு அப்படியே என்னை நகர்த்தி, அந்தக் கதவில் கிடத்தி, ஒரு வேப்பமரத்தடியில் கொண்டுபோய் வைத்தார்கள். முதுகு வளையவில்லை. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார்கள். ஒரு வருஷத்துக்கப்புறம் தலைக்கு மேல் கூரை இல்லாமல் வானம் தெரிந்தது. அதைக்கூட ரசிக்க எனக்கு மனமில்லை. சீக்கிரம் அறுங்க, சீக்கிரம் அறுங்க என்று முனகிக்கொண்டே இருந்தேன்.

தோட்டத்து ரம்பத்தை வாங்கி இவர்தான் அறுத்தார். ஆசாரி போட்ட கட்டில் லேசில் விடவில்லை. சட்டம் போன பிறகு, போல்ட்டுகளின் தலையை பாய் உளி வைத்து அடித்து உடைத்தார். கடைசியில் மூடி எழும்பிய சத்தம் எனக்குக் கேட்டது.

"என்னங்க பாய்?" என்று இவர் கேட்டார்.

"விசிறி பூரா துணியும் நூலுமா சுத்திக் கெடக்குதுங்க. மூடி ஓரத்துல சந்த அடைக்கற ரப்பர் செத்துப்போச்சு. மேல அடைச்சதையெல்லாம் அந்தச் சந்து வழியா உள்ள இழுத்துப்போட்டுது. காத்தே போகல. என்ஜின் வெந்து புடிச்சுக்கிச்சு. இனி இது ஓடாதுங்க."

"மூடி மேல வேஸ்ட் இருக்கோணுமே?"

"ஒரு பிசிறு இல்லீங்க. வெறும் இரும்பு. கெளம்புன கொஞ்ச நேரத்துலயே எல்லாம் உள்ள போயிருக்கும்."

வேப்பமரத்தடியில் கிடந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. என்ஜின் போனதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. வேறொன்று மெல்ல உறைத்தது. வேஸ்ட் இல்லை. என் காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. பல்லடத்திலிருந்து வெறும் இரும்புக்கு மேல்தான் வந்திருக்கிறேன். அப்படியென்றால் ஏன் எனக்கு அதிரவில்லை? ஏன் சுடவில்லை?

அந்த நேரத்தில் கதவு கொடுத்த அம்மா ஈரத்துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, கையைத் துடைத்துவிட்டு, காலுக்குப் போனார். துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"ஏங்கண்ணு, குதிகால் இப்படி வெந்து கெடக்குதே. வாயத் தொறந்து சொல்ல வேண்டாமா சாமி?"

"எங்கீங்க வெந்திருக்குது?"

"இங்கதான் கண்ணு. தொட்டுட்டுத்தானே இருக்கறேன். தெரியலியா?"

எனக்குத் தெரியவில்லை.

அந்த அம்மாவின் சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். கையில் கருகிய நூல் உருண்டை. என் குதிகாலைத் தூக்கிப் பார்த்தார். வட்டமாக ஒரு கொப்புளம், நடுவில் கருத்துப்போய். போல்ட்டின் தலை அளவு. என்ஜின் அறைக்குள் இறங்கியிருந்த அந்த போல்ட் காய்ந்து, மேலே விரித்த துணி விலகியிருந்த இடத்தில் காலைச் சுட்டுக்கொண்டே வந்திருக்கிறது. அவர் என் காலைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. எழுந்து வண்டிக்குள் போனார். மறுபடி ரம்பச் சத்தம் கேட்டது. இனி அறுக்க வேண்டியதில்லீங்க என்று பாய் திரும்பத் திரும்பச் சொன்னார். இவர் தலைமாட்டுச் சட்டத்தையும் அறுத்துக்கொண்டுதான் இருந்தார்.

மிச்சத்தைச் சொல்ல அதிகம் இல்லை. மறுநாள் டாக்டர் என் பாதத்தில் ஊசியால் குத்திக் குத்திக் கேட்டார், தெரிகிறதா, தெரிகிறதா என்று. எலும்பு கூடவில்லை. உள்ளுக்குள் நொறுங்கி நரம்பை அழுத்திவிட்டது. மரத்துப்போக ஆரம்பித்த உடனே வந்திருக்க வேண்டும் என்றார். ஆபரேஷன் செய்தார்கள். உட்கார முடிந்தது, அதோடு சரி. நான் நிற்கவே இல்லை. ஆசாரி சாமளாபுரத்திலிருந்து வந்து வாசலில் நின்று அழுதார். உள்ளே வரச் சொல்லி ஆளனுப்பினேன். வரவில்லை. வண்டி குண்டடத்துத் தோட்டத்திலேயே கிடந்து துருப்பிடித்தது. செருப்பும் அதில்தான் கிடந்திருக்கும். அதன் பிறகு கம்பெனியில் எந்த மிஷின் மூடியையும் முறுக்கிவைக்க இவர் விட்டதில்லை. மூடி ஆடும், கடகடவென்று சத்தம் போடும். ஆடட்டும் என்பார்.

எனக்கு மறக்காதது வண்டி நின்ற அன்று சாயங்காலம்தான். தாராபுரம் பக்கம் போன ஒரு பருத்தி லாரியை நிறுத்தி, அந்தக் கதவோடு சேர்த்து என்னை மூட்டைகளின் மேல் ஏற்றினார்கள். கதவைத் திருப்பித் தர வேண்டாம் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் கூரைக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். தலைமாட்டில் உட்காரவில்லை, கால்மாட்டில் போய் உட்கார்ந்தார். லாரி கிளம்பியதும் இரண்டு உள்ளங்கைகளையும் என் குதிகால்களுக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.

"தெரியுதா அம்மிணி?"

"இல்லீங்க."

ஒவ்வொரு பள்ளத்துக்கும் கேட்டார். நானும் ஒவ்வொரு தடவையும் இல்லீங்க என்றேன். கத்தவில்லை. கத்துவதற்கு வாயில் ஒன்றும் மிஞ்சவில்லை. தாராபுரம் வந்த பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். களைத்துப்போய்க் கையை எடுத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். கை அங்கேயேதான் இருந்தது.